ஐந்தாவது ஏன்

மின்னுவதெல்லாம் பொன்னல்ல என்று சொல்லிவைத்தவர்கள், பிறகு அது என்னதான் என்பதைச் சொல்லாமல் போய்விட்டார்கள். அலுமினியம். கல்யாணப் பத்திரிகையின் தங்க எழுத்து, சிப்ஸ் பாக்கெட்டின் உள்பக்கம், பிறந்தநாள் கேக்கைத் தாங்கும் அட்டை, சாமி படத்துக் கிரீடம், பள்ளிக்கூடத்தில் மூன்றாம் பரிசாகக் கொடுக்கிற கோப்பை, மோட்டார் சைக்கிளின் முன்விளக்குக்குள் கண்ணாடிபோல் மின்னுகிற ரிஃப்ளெக்டர், எல்லாமே பிளாஸ்டிக்கோ காகிதமோதான். அதன்மேல் தலைமுடியின் கனத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு அலுமினியம் படிந்திருக்கிறது. நாட்டின் பளபளப்பு மொத்தமும் அவ்வளவுதான். நகத்தால் சுரண்டினால் போய்விடும். அதனால்தான் யாரையும் சுரண்ட விடுவதில்லை.

மறைமலைநகரில் இந்த வேலையைச் செய்கிற ஒரு கம்பெனிக்கு திவ்யதேஜஸ் வேக்கம் கோட்டிங்ஸ் என்று பெயர். இரண்டு ஷெட், ஒரு கேன்டீன், மேல்மாடியில் ஒரு தரத் துறை. ஷெட்டில் நாற்பது பேர் வேலை செய்கிறார்கள். அந்த நாற்பது பேர் செய்த வேலையைத் தரத் துறையில் ஐம்பத்திரண்டு பேர் எழுதுகிறார்கள்.

இரண்டாம் நம்பர் சேம்பரை ஓட்டுகிறவன் மோசஸ். பதினோரு வருடமாக அவன்தான் ஓட்டுகிறான். சேம்பர் என்பது ஓர் ஆள் நிமிர்ந்து நிற்கக்கூடிய இரும்பு உருளை. உள்ளே சட்டத்தில் ரிஃப்ளெக்டர்களை வரிசையாக மாட்டி, நடுவில் இருக்கிற கம்பிச் சுருள் ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு அலுமினியத்தைச் சொருகி, கதவைச் சாத்தி, உள்ளே இருக்கிற காற்றைப் பம்பு போட்டு உறிஞ்ச வேண்டும். மீட்டர் முள் பச்சைக் கோட்டுக்கு இறங்கியதும் சுருளுக்கு மின்சாரம் கொடுத்தால் அலுமினியம் கொதித்து ஆவியாகி, குழம்பு கொதிக்கும்போது மூடியில் நீர் படிகிற மாதிரி எல்லாவற்றின் மேலும் படியும். சில நொடி வேலை. உள்ளே காற்றோ வேறு ஆவியோ மிச்சமிருந்தால் பழுப்பாகப் படியும், ஒட்டாது. ஆகவே உள்ளே ஒன்றுமே இல்லாமல் பார்த்துக்கொள்வதுதான் இந்தத் தொழிலின் சூட்சுமம். மேல்மாடியில் பலருக்கு இது இயல்பாகவே வந்திருந்தது.

லோடை வெளியே எடுத்ததும் மோசஸ் ஒரு ரிஃப்ளெக்டரை வாய்க்கு நேரே பிடித்து 'ஹா' என்று ஊதுவான். மூச்சு அதன்மேல் பனியாகப் படியும். பனி ஓரத்திலிருந்து சீராக விலகினால் நல்ல லோடு. திட்டுத் திட்டாக விலகினால் கெட்ட லோடு. பதினோரு வருடத்தில் இந்த மூச்சு பொய் சொன்னதில்லை. தரத் துறை இதைக் கண்டுபிடித்து, சேம்பருக்குப் பக்கத்தில் ஒரு வாய்ப் படம் போட்டு, குறுக்கே சிவப்புக் கோடு கிழித்து, 'வாய்வழிச் சோதனை தடைசெய்யப்பட்டது' என்று பலகை வைத்தது. அதன்பிறகு மோசஸ் பலகைக்குப் பின்னால் போய் ஊதினான்.

தரத் துறையின் சோதனை டேப் சோதனை. பூச்சின் மேல் செல்லோடேப்பை ஒட்டி வெடுக்கென்று இழுக்க வேண்டும். டேப்போடு பளபளப்பும் வந்துவிட்டால் சரக்கு தோல்வி. சோதனையில் ஒரு குறையும் இல்லை. டேப்தான் கொஞ்சம் விசேஷமானது. செங்கல்பட்டில் ஒரு ஸ்டேஷனரி கடையை மூடுகிற சமயத்தில் வாங்கிய பத்துப் பெட்டி டேப், மேற்குப் பார்த்த ஜன்னலோரம் பல கோடைகளைக் கண்டு, பசை செத்துப் போயிருந்தது. காகிதத்தில் ஒட்டினால் காகிதம்கூட அதை மதிக்காது. பெட்டியின் மேல் 'அங்கீகரிக்கப்பட்ட டேப்' என்று பச்சைச் சீட்டு ஒட்டியிருந்தார்கள். சீட்டை ஒட்டுவதற்குத் தனியாகப் பசை வாங்கினார்கள். அந்த டேப் பயன்பாட்டுக்கு வந்த நாளிலிருந்து ஒரு சரக்குகூடத் தோற்றதில்லை.

தரத் துறையின் பொது மேலாளர் ஸ்ரீவத்ஸன் ஒவ்வொரு தர தினத்தன்றும் இதைப் பற்றிப் பேசுவார். "டேப்புங்கறது ஒரு உறவு. சொந்தப் பொருளையே வெடுக்குனு இழுத்துப் பாக்கறது சந்தேகப்படற குடும்பத்துல நடக்கற விஷயம். நாம மெதுவா எடுக்கறோம். அதனாலதான் நாம நூத்துக்கு நூறு." எல்லோரும் கை தட்டுவார்கள். கை தட்டலின் நேரமும் படிவத்தில் ஏறும்.

மோசஸுக்கு இந்த நூற்றுக்கு நூறில் அக்கறை கிடையாது. அவனுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அவன் கான்ட்ராக்ட் ஆள், கழுத்தில் அடையாள அட்டை தொங்கும் மஞ்சள் கயிறு. நிரந்தர ஆட்களுக்கு நீலக் கயிறு. நீலக் கயிறு உள்ளவர்களுக்குக் கம்பெனி பஸ் உண்டு. அந்த பஸ் மாமல்லபுரத்தில் கிளம்பி, தினமும் காலை ஆறு ஐம்பதுக்குப் பூஞ்சேரி கூட்ரோட்டில், மோசஸின் தெருமுனையில் வந்து நிற்கும். அங்கே ஏறுகிறவர் ஸ்டோர்ஸ் கிளார்க் உலகநாதன் ஒருவர்தான். பஸ்ஸில் நாற்பத்தெட்டு சீட்டு, வருகிறவர்கள் பத்தொன்பது பேர். மஞ்சள் கயிறு ஏறக்கூடாது என்பது விதி. மோசஸ் ஆறரை மணி அரசு பஸ்ஸில் தொங்கிக்கொண்டு செங்கல்பட்டு போய், அங்கே ரயில் பிடித்து, மறைமலைநகரில் இறங்கி நடப்பான். தினமும் திருக்கழுக்குன்றம் வரும்போது கம்பெனி பஸ் அவனை முந்திப் போகும். ஜன்னலோரம் உலகநாதன் வாயைத் திறந்துகொண்டு தூங்குவது தெரியும். பதினோரு வருடம் ஒரு மனிதன் இன்னொரு மனிதன் தூங்குவதைப் பார்த்திருக்கிறான்.

மாமல்லபுரத்தில் ஒரு ஓட்டலில் துணி வெளுக்கிற அவன் மனைவி மேரிக்கும் இதே ஏக்கம்தான். "நம்ம வூட்டு வாசல்ல வந்து நிக்குது, நம்மள ஏத்திக்க மாட்டேங்குது. அப்புறம் எதுக்குயா நிக்குது?" என்று கேட்பாள். இந்த வருடம் மனிதவளத் துறை சாருலதா மேடம் அவனைக் கூப்பிட்டு, நிரந்தர ஆணை கையெழுத்துக்குப் போயிருக்கிறது என்று சொன்னார். மேரி அன்றைக்கே மாதா கோயிலுக்கு மெழுகுவத்தி நேர்ந்துகொண்டாள்.

இந்த நிலைமையில் ஆயுத பூஜை வந்தது.

வருடா வருடம் நடக்கிறதுதான். சேம்பர் கதவுக்கு வெளியே சந்தனம் குங்குமம், இரண்டு வாழைக்கன்று, பொரிகடலை, வாசலில் பூசணிக்காய். சேம்பருக்குப் பொட்டு வைப்பது மோசஸ்தான். எந்திரம் எந்த மதம் என்று அவனும் கேட்டதில்லை, எந்திரமும் சொன்னதில்லை. ஆனால் இந்த வருடம் முதலாளி சாரங்கபாணி, ஏதோ ஒரு மலையடிவாரத்தில் நான்கு நாள் தலைமைப் பண்புப் பயிற்சி முடித்துவிட்டு நேராக ஷெட்டுக்கு வந்திருந்தார்.

"மனுஷனுக்கும் சரி, மெஷினுக்கும் சரி, ஆன்மா உள்ளதான் இருக்கு. நாம இத்தனை வருஷமா கதவுக்குப் பொட்டு வச்சிண்டிருக்கோம்" என்றார் அவர். தட்டு நிறையக் கற்பூரத்தோடு சேம்பருக்குள் ஏறினார்.

மோசஸ் பதறிப்போய் முன்னால் வந்தான். "சார், உள்ள வேணாம் சார். வெளியவே வெச்சிக்கலாம் சார்."

சாருலதா அவனை மெல்ல ஓரமாக அழைத்துப் போனார். "மோசஸ், உங்க நம்பிக்கையை நாங்க மதிக்கிறோம். இங்க யாருக்கும் கட்டாயம் இல்ல. வேணும்னா நீங்க வெளிய நின்னுக்கலாம்."

"நம்பிக்க இல்ல மேடம். வேக்கம்."

"அதையும் மதிக்கிறோம்" என்று சொல்லி அவர் நோட்டில் குறித்துக்கொண்டார்.

உள்ளே சுவரில் ஆவி படியாமல் இருப்பதற்காகச் சுற்றிலும் தகடு மாட்டியிருக்கும். முதலாளி தட்டைச் சுழற்றியபோது, இன்னும் கொளுத்தாத கற்பூரப் பொட்டலம் ஒன்று சரிந்து தகட்டுக்குப் பின்னால் விழுந்தது. எல்லோரும் பார்த்தார்கள். முதலாளி கையிலிருந்து விழுந்ததால் யாரும் பார்க்கவில்லை.

கற்பூரத்தைப் பற்றி எல்லோருக்கும் தெரிந்ததுதான். டப்பாவைத் திறந்து வைத்தால் தானே கரைந்து காற்றோடு போய்விடும். காற்றை உறிஞ்சுகிற சேம்பருக்குள் போட்டால் கேட்கவே வேண்டாம். மேல்மாடி உத்தரவில்லாமல் தகட்டைக் கழற்றக் கூடாது. விடுமுறை முடிந்து மோசஸ் பம்பைப் போட்டபோது முள் பாதி வழியில் நின்றது. அரை மணி, ஒரு மணி, இறங்கவில்லை. பம்பிலிருந்து வருகிற எண்ணெயில் கோயில் பிராகார வாசனை அடித்தது. அப்படியே போட்டுப் பார்த்த லோடு பழுப்பாக வந்தது. ஊதினான். பனி திட்டுத் திட்டாக விலகியது.

அவன் மேல்மாடிக்குப் போய் ஸ்ரீவத்ஸன் முன்னால் நின்றான். "சார், முள்ளு எறங்க மாட்டேங்குது சார். உள்ள கற்பூரம் கீது. தகட்ட கழட்டி தொடச்சி, பம்பு எண்ணெய மாத்தணும் சார். ஒரு ஷிப்ட்டு நிறுத்தனா போதும்."

"இது என்ன மாசம் மோசஸ்?"

"அக்டோபர் சார்."

"நிறுத்தமில்லா மாசம். பேனர் பாக்கலியா? நிறுத்தமில்லா மாசத்துல எப்படி நிறுத்தறது?"

"முள்ளு எறங்கலியே சார்."

ஸ்ரீவத்ஸன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். பொறுமையான மனிதர். "வேக்கம்னா என்ன? உள்ள ஒண்ணும் இல்லாதது. ஒண்ணும் இல்லாத எடத்துல தப்பு எப்படி வரும்? அப்ப தப்பு எங்க இருக்கு? மீட்டர்ல. மீட்டரை நான் பாத்துக்கறேன். நீ போய் லோடு போடு."

மறுநாள் இரண்டு பேர் வந்து மீட்டரைச் சரிபார்த்து, சரியாக இருக்கிறது என்று சீட்டு ஒட்டினார்கள். பிறகு பச்சைக் கோட்டை அழித்துவிட்டு, முள் நின்ற இடத்தில் புதிதாக ஒரு பச்சைக் கோடு போட்டார்கள். முள் கோட்டுக்கு வராததால் கோடு முள்ளிடம் போனது. ஒரு நிர்வாகம் இதைவிடப் பணிவாக நடந்துகொள்ள முடியாது.

மோசஸ் பத்தாவது வரை படித்தவன். எழுதத் தெரியும். அதுதான் அவனுக்கு வினையாக வந்தது. 'உயர்திரு மேலாளர் அவர்களுக்கு, இரண்டாம் நம்பர் சேம்பரில் கற்பூரம் உள்ளது' என்று ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தான். 'பெறப்பட்டது' என்று முத்திரை குத்தி நகல் கொடுத்தார்கள். அடுத்த வாரம் 'மேற்படி கற்பூரம் எண்ணெயிலும் கலந்துவிட்டது' என்று இன்னொன்று. அதற்கடுத்து 'பூச்சு ஒட்டவில்லை, எல்லா ரிஃப்ளெக்டரும் மங்கும்' என்று மூன்றாவது. மூன்று முத்திரைகளும் நல்ல ஊதா நிறத்தில் தெளிவாக விழுந்திருந்தன. நகல்களை மடித்துச் சாப்பாட்டுப் பையில் வைத்துக்கொண்டான்.

பேக்கிங் மோகனுக்கு இதைக் கண்டு தாங்கவில்லை. அவனும் மஞ்சள் கயிறு. "அண்ணாத்த, உனுக்கு ஆர்டர் வர்ற நேரம். வாய மூடிகினு லோடு எடு. ஊதாத, எழுதாத."

"தப்பு சரக்கு மோகனு. ஈசிஆர்ல இருட்டுல வண்டி ஓட்றவன நெனச்சி பாரு. லைட்டு இன்னா ஆவும்?"

"லைட்டு எரியும். வெளிச்சந்தான் வராது. நீ ஏன் பேஜாராவற? டேப்பு பாஸுன்னு சொல்லிகினு கீதில்ல?"

டேப் பாஸ்தான். பழுப்பாக வந்த சரக்கு, நூற்றுக்கு நூறு வாங்கிக்கொண்டு பெட்டி பெட்டியாகப் போனது.

ஐந்தாவது வாரம், ரிஃப்ளெக்டர் வாங்குகிற வண்டிக் கம்பெனியிலிருந்து மேக்னா என்கிற தணிக்கை அதிகாரி வந்தார். ஆறாயிரத்து நானூறு ரிஃப்ளெக்டர்கள் அவருக்கு முன்னாலேயே லாரியில் திரும்பி வந்திருந்தன. அவர் ஒன்றை மேசைமேல் வைத்து, கைப்பையைத் திறந்து, சொந்தமாக ஒரு டேப்பை எடுத்து ஒட்டி, இழுத்தார். பளபளப்பு பட்டையாகக் கழன்று டேப்போடு போனது. கீழே கறுப்பு பிளாஸ்டிக் தெரிந்தது.

 ஸ்ரீவத்ஸன்தான் முதலில் சுதாரித்தார். "மேடம், மன்னிக்கணும். அந்த டேப் எங்க பட்டியல்ல இல்ல. அதுல பசை இருக்கு."

மேக்னா டேப்பைக் கைப்பைக்குள் போட்டார். "வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்குள்ள ஐந்து ஏன் அறிக்கை வேணும். மூல காரணம், எடுத்த நடவடிக்கை, அதுக்கு முன்னயும் பின்னயும் எடுத்த போட்டோ" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

ஐந்து ஏன் என்பது ஜப்பான் சரக்கு. எது கெட்டாலும் ஐந்து முறை ஏன் என்று கேட்டுக்கொண்டே போனால் வேர் தெரிந்துவிடும் என்பது தத்துவம். நம்மூர்க் குழந்தைகள் மூன்று வயதில் இதைத்தான் செய்கின்றன. முதுகில் இரண்டு வைத்து நிறுத்திவிடுகிறோம். திவ்யதேஜஸில் இந்தத் தத்துவத்தைச் செம்மைப்படுத்தி, சில விதிகளைச் சேர்த்திருந்தார்கள். ஐந்தாவது ஏனுக்கு வருகிற பதில் வெள்ளிக்கிழமைக்குள் சரிசெய்யக் கூடியதாக இருக்க வேண்டும். அது முதலாளியாக இருக்கக் கூடாது. ஆறாவது ஏனுக்குப் படிவத்தில் இடம் கிடையாது.

வியாழக்கிழமை கூட்டத்துக்கு மோசஸையும் கூப்பிட்டார்கள். ஏசி அறையில் அவன் உட்காருவது அதுதான் முதல் தடவை. அவனுக்கு முன்னாலும் ஒரு தண்ணீர் பாட்டில் வைத்திருந்தார்கள். அதைத் திறக்கலாமா என்று தெரியாமல் கையில் பிடித்துக்கொண்டிருந்தான்.

"ஏன் பூச்சு உரிஞ்சது?" என்று கேட்டார் ஸ்ரீவத்ஸன்.

"ஒட்டல" என்றது தரத் துறை. எழுதப்பட்டது.

"ஏன் ஒட்டல?"

"வேக்கம் போதல." எழுதப்பட்டது.

"ஏன் போதல?"

தரத் துறை முழுவதும் மேசையைப் பார்த்தது. மோசஸ் சொன்னான். "கற்பூரம் சார்."

"கற்பூரம் நம்ம மூலப்பொருள் பட்டியல்ல இருக்கா?"

"இல்ல சார். தட்டுலேர்ந்து வுழுந்திச்சே. நீங்களும் பக்கத்துல தானே சார் நின்னுகினு இருந்தீங்க."

"பட்டியல்ல இல்லாத பொருள் நம்ம ஷெட்டுக்குள்ள வரமுடியாது மோசஸ். அது நம்ம சிஸ்டம். வந்துச்சுன்னு எழுதினா சிஸ்டம் தப்புன்னு ஆகும். சிஸ்டத்துக்கு நாம சர்ட்டிஃபிகேட் வாங்கியிருக்கோம்." அவர் குரலில் கோபமே இல்லை, வருத்தம்தான் இருந்தது. "'தேவையற்ற ஆவி'ன்னு போட்டுக்கோங்க."

நான்காவது ஏன்: தேவையற்ற ஆவி இருந்தும் ஏன் லோடு போடப்பட்டது? ஆபரேட்டர் போட்டார். எழுதப்பட்டது.

"ஐந்தாவது ஏன் ரகசியமானது. மோசஸ், நீ போய் டீ சாப்பிடு" என்றார் ஸ்ரீவத்ஸன்.

மோசஸ் டீ சாப்பிட்டான். தண்ணீர் பாட்டிலைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமா என்று கேன்டீனில் கேட்டான். வேண்டாம் என்றார்கள். அதை மேரிக்கு எடுத்துப் போனான்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குச் சாருலதா அவனைக் கூப்பிட்டு எழுந்து நின்று கை கொடுத்தார். மேசைமேல் நிரந்தர ஆணை இருந்தது. அவன் பெயர் தட்டச்சில், அப்பா பெயர் ஏசுபாதம் என்பது உட்பட, ஒரு பிழையில்லாமல் இருந்தது. பக்கத்தில் நீலக் கயிறு, பாம்புக் குட்டி மாதிரி சுருண்டு கிடந்தது. மோசஸுக்குக் கண் கலங்கிவிட்டது. தன் மூன்று கடிதங்களையும் யாரோ படித்துவிட்டார்கள் என்று நினைத்தான். அது உண்மைதான்.

"தேதி ரெண்டு வருசத்துக்கு முந்தி போட்டு கீதே மேடம்?"

"உங்களுக்குத் தாமதமா கொடுத்தோம்னு இருக்கக் கூடாது இல்லையா?" என்றார் சாருலதா. "ஒரு மரியாதை."

மரியாதை மட்டுமல்ல. சேம்பரை நிரந்தர ஊழியர்தான் ஓட்டலாம் என்பது வண்டிக் கம்பெனியின் நிபந்தனை. கான்ட்ராக்ட் ஆள் ஓட்டினான் என்று அறிக்கை போனால் ஒப்பந்தமே போய்விடும். கான்ட்ராக்ட் ஆளுக்கு மூல காரணமாக இருக்கும் தகுதி கிடையாது. இதை அவனிடம் யாரும் சொல்லவில்லை.

அவன் ஷெட்டுக்கு வெளியே போய் மேரிக்கு போன் போட்டான். "வந்துட்ச்சி" என்றான்.

 மேரிக்குப் பின்னால் துணி துவைக்கிற எந்திரம் ஓடுகிற சத்தம் கேட்டது. "கயிறு?"

"நீலம்."

"சாயந்திரம் பஸ்லயா வருவ?"

"பஸ்லதான்."

"நா கூட்ரோட்ல வந்து நிக்கறேன். எறங்கறத பாக்கணும்."

மதியம் புகைப்படக்காரர் வந்தார். முன் படத்துக்கு மோசஸைச் சேம்பர் பக்கத்தில் நிறுத்தி, சிரிக்காதீர்கள் என்றார்கள். அவனால் அன்றைக்குச் சிரிக்காமல் இருக்க முடியவில்லை. நான்கு தடவை எடுத்தார்கள். பின் படத்துக்குத் தரத் துறையிலிருந்து ஒருவர் புதுச் சீருடையில், கணினியில் நாற்பது நிமிடப் பயிற்சி முடித்த சான்றிதழைப் பிடித்துக்கொண்டு அதே இடத்தில் நின்றார். படத்தில் சேம்பர் ஓடவேண்டும், விளக்கெல்லாம் எரியவேண்டும். சான்றிதழ்க்காரருக்கு எந்தப் பொத்தான் என்று தெரியவில்லை. மோசஸைச் சேம்பருக்குப் பின்னால் குந்தி உட்காரச் சொன்னார்கள். அவன் அங்கேயிருந்து கையை நீட்டிப் பம்பைப் போட்டான். கற்பூர வாசனை குப்பென்று வந்தது. புதிய பச்சைக் கோட்டில் முள் வந்து நின்றது. "கை தெரியுது, கொஞ்சம் உள்ள இழுத்துக்கோங்க" என்றார் புகைப்படக்காரர். இழுத்துக்கொண்டான்.

"இன்னா அண்ணாத்த, ஒளிஞ்சி வெளாடறியா?" என்றான் அந்தப் பக்கமாகப் போன மோகன். பிறகு நின்று, கேமராவைப் பார்த்து, சான்றிதழ்க்காரரைப் பார்த்து, வேகமாகப் போய்விட்டான்.

நான்கு மணிக்குச் சாருலதா மறுபடி கூப்பிட்டார். இந்தத் தடவை எழுந்து நிற்கவில்லை. ஐந்தாவது ஏனைப் படித்துக் காட்டினார். 'ஆபரேட்டர் ஏன் லோடு போட்டார்? குறைபாட்டை முழுமையாக அறிந்திருந்தும் போட்டார். ஆதாரம்: ஊழியர் தம் கைப்பட எழுதிய மூன்று கடிதங்கள், இணைப்பில் காண்க. நடவடிக்கை: நிரந்தர ஊழியர் திரு. ஏ. மோசஸ் இன்று மாலையுடன் பணியிலிருந்து நீக்கப்படுகிறார்.'

மோசஸுக்கு முதலில் அது வேறு யாரைப் பற்றியோ எழுதியிருக்கிறது என்று தோன்றியது. திரு. என்று இருந்ததுதான் காரணம்.

"தெரிஞ்சதாலதானே மேடம் எழுதிக் குடுத்தேன்?"

"அதேதான் மோசஸ். நீங்க எழுதலேன்னா உங்களுக்குத் தெரியாதுன்னு விட்டிருப்போம். தெரியாதவங்களுக்குப் பயிற்சி கொடுப்போம். தெரிஞ்சவங்க மேலதான் நடவடிக்கை எடுக்க முடியும்."

"போட மாட்டேன்னு நிறுத்திகினு இருந்தா?"

"நிறுத்தமில்லா மாசத்துலயா? அதுக்கு வேற படிவம்."

அவன் சாப்பாட்டுப் பையிலிருந்து கடித நகல்களை எடுத்து மேசைமேல் வைத்தான். எதற்கு என்று அவனுக்கே தெரியவில்லை. சாருலதா அவற்றைப் பார்த்து, "அசல் எங்ககிட்ட இருக்கு, இது நீங்க வச்சுக்கலாம்" என்று நீக்க ஆணையோடு சேர்த்து நகர்த்தினார். "ஒண்ணு சொல்லணும். சட்டப்படி ஷிப்ட் முடியற வரைக்கும் நீங்க நிரந்தரம்தான். அஞ்சரை வரைக்கும் எல்லாச் சலுகையும் உண்டு, அஞ்சரை பஸ் உட்பட. இறங்கும்போது கயிறை டிரைவர்கிட்ட கொடுத்துடுங்க."

அறிக்கை நான்கு ஐம்பதுக்குப் போனது. ஐந்தேகாலுக்கு மேக்னாவிடமிருந்து பதில் வந்தது. இவ்வளவு தெளிவான ஆதாரத்தோடு ஓர் அறிக்கை இதுவரை வந்ததில்லையாம். ஸ்ரீவத்ஸன் அதை அச்சடித்துக் கேன்டீனில் ஒட்டச் சொன்னார். தகட்டை யாரும் கழற்றவில்லை, எண்ணெயை யாரும் மாற்றவில்லை. நடவடிக்கை எடுத்தாகிவிட்டதே.

பஸ்ஸில் ஏறும்போது டிரைவர் நீலக் கயிற்றைப் பார்த்துத் தலையை அசைத்தார். மோசஸ் ஒரு ஜன்னலோரச் சீட்டில் உட்கார்ந்தான்.

"அது என் பை வைக்கிற சீட்டு" என்றார் உலகநாதன். பிறகு பெருந்தன்மையாக, "சரி, உக்காருங்க. இனிமே தினம் வருவீங்க, நான் வேற எடம் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் பின்னால் போய்த் தூங்கிவிட்டார்.

சீட்டு மெத்தென்று இருந்தது. சாய்த்துக்கொள்ள ஒரு பிடி இருந்தது. அதை அவன் தொடவில்லை. செங்கல்பட்டு ஏரியைத் தாண்டும்போது காற்று முகத்தில் அடித்தது. திருக்கழுக்குன்றத்துக்கு முன்னால் பஸ் ஓர் அரசு பஸ்ஸை முந்தியது. படிக்கட்டில் தொங்கிக்கொண்டிருந்த ஒருவன் இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தான். மோசஸ் தலையைக் குனிந்துகொண்டான். அவமானமாக இருந்தது. எதற்காக என்று கேட்டால் ஐந்து ஏன் போட்டாலும் அவனுக்குப் பதில் வராது.

பூஞ்சேரி கூட்ரோட்டில் மேரி நின்றிருந்தாள். ஓட்டல் சீருடையை மாற்றிவிட்டு, கிறிஸ்துமஸுக்கு எடுத்த புடவையைக் கட்டியிருந்தாள். பக்கத்து வீட்டு அமிர்தவல்லியையும் கூட்டி வந்திருந்தாள். உலகநாதன் கொட்டாவி விட்டுக்கொண்டே முதலில் இறங்கிப் போனார். படியிறங்குமுன் மோசஸ் கழுத்திலிருந்து கயிற்றைக் கழற்றி டிரைவரிடம் கொடுத்தான். டிரைவர் அதை வாங்கி, வேறு நான்கைந்து கயிறுகள் கிடந்த ஒரு டப்பாவில் போட்டார்.

பஸ் கிளம்பிப் போகும்வரை மேரி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஜன்னல் சீட்டா?"

"ஜன்னல் சீட்டுதான்."

"பாத்தியாக்கா, நா சொன்னேன்ல" என்றாள் அமிர்தவல்லியிடம். பிறகு அவன் கழுத்தைப் பார்த்தாள். "கயிறு எங்கயா?"

"பஸ்லயே வாங்கி வெச்சிக்கறாங்க."

"அதுவும் சரிதான், தொலைஞ்சிறும்" என்றாள் மேரி. அவன் கையிலிருந்த சாப்பாட்டுப் பையை வாங்கிக்கொண்டாள். பையில் மூன்று கடிதங்களும் இரண்டு ஆணைகளும் இருந்தன. அவள் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தாள். தெருவில் நாலு பேர் பார்க்கட்டும் என்று மெதுவாகவே நடந்தாள்.

"நாளைக்கு எத்தன மணிக்கு வரும்?"

மோசஸ் கொஞ்சம் பின்தங்கி நடந்துகொண்டிருந்தான்.

"ஆறு அம்பதுக்கு" என்றான்.

அதில் பொய் இல்லை. பஸ் தினமும் ஆறு ஐம்பதுக்குத்தான் வருகிறது.